தவளையின் கண்ணில் வெள்ளைப் படலம்: சொட்டு மருந்துக்கு முன்னால் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பொள்ளாச்சியில் இருக்கிறோம். 11 வயது மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய பேக்மேன் தவளை ஏழு மாதமாக எங்கள் வீட்டில் வளர்கிறது. பெயர் லட்டு, எடை 50 கிராம். கண்ணாடித் தொட்டியில், பக்கத்து நார் மில்லிலிருந்து கொண்டுவந்த கோகோ பீட் (தென்னை நார்த் தூள்) போட்டு வைத்திருக்கிறோம். ஐந்து நாளாக அதன் வலது கண்ணில் வெள்ளைப் படலம். நேற்றிலிருந்து இடது கண்ணும் பாதி மூடி, இமை வீங்கியிருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் சூப்பர்வோர்ம் புழுவைத் தொடவே இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கண் சொட்டு மருந்தை இரண்டு வேளை விட்டோம். பாட்டிலின் படம் அனுப்பியிருக்கிறேன். நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடலாம் என்கிறார் என் அம்மா. எங்களுக்குத் தெரிந்த டாக்டர் மாடும் நாயும்தான் பார்க்கிறார். வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா? மகள் கேட்கச் சொன்னாள்: லட்டுவுக்கு வலிக்குமா?

பதில்:

முதலில் அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பாட்டிலின் மேல் சிப்ரோஃப்ளாக்சசின் என்பதோடு டெக்சாமெத்தசோன் என்றும் இருக்கிறது. இரண்டாவது ஒரு ஸ்டீராய்டு. கண்ணின் முன்படலத்தில் கீறலோ புண்ணோ இருந்தால், ஸ்டீராய்டு அதை ஆறவிடாது, சில நேரம் புண்ணை ஆழமாக்கிவிடும். இரண்டு வேளை விட்டதால் ஒன்றும் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன், பதற வேண்டாம். மூன்றாவது வேளை மட்டும் வேண்டாம். மனிதர்களின் சிவந்த கண்ணுக்கு வழக்கமாகக் கொடுப்பதைத்தான் கடைக்காரரும் கொடுத்திருக்கிறார்.

ஸ்டீராய்டு இல்லாத மருந்தாக இருந்தாலும் நிறுத்தத்தான் சொல்லியிருப்பேன். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இந்தச் சொட்டு மருந்துகளில் சிப்ரோஃப்ளாக்சசின் 0.3 சதவீதம், அதாவது ஒரு மில்லி லிட்டரில் 3 மில்லிகிராம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி என்றால், அதில் 0.15 மில்லிகிராம் மருந்து. 50 கிராம் எடையுள்ள லட்டுவுக்கு அந்த ஒரு சொட்டே உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். மனிதர்களுக்குச் சொல்வதுபோல இரண்டு கண்ணிலும் தினம் நான்கு வேளை விட்டால் எட்டுச் சொட்டு, கிலோவுக்கு 24 மில்லிகிராம். 60 கிலோ மனிதர் ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரே நாளில் கிட்டத்தட்ட மூன்று விழுங்குவதற்குச் சமம் இது. விட்டது அத்தனையும் உள்ளே போகாது, உண்மைதான். ஆனால் நம் கண்ணிலிருந்து வழிகிற சொட்டைக் கன்னத்தில் துடைத்துவிடுகிறோம். தவளையின் கண்ணிலிருந்து வழிவது அதன் முதுகில் இறங்குகிறது, தோல் அதைக் குடித்துவிடுகிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. தோலில் பட்டது எதுவும் அதற்கு உள்ளே போனதுதான்.

வீட்டு வைத்தியமும் இதே காரணத்தால்தான் வேண்டாம். உங்கள் அம்மாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் கண் எரிச்சலுக்கு நந்தியாவட்டைப் பூவை ஒற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் செடியைக் கிள்ளினால் பால் வடியும், அது லட்டுவின் தோலுக்கு ஆகாது. உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், பன்னீர், விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் எல்லாமே இந்தப் பட்டியலில்தான் சேரும். கல் உப்பு கரைத்த தண்ணீர் எல்லாவற்றிலும் மோசம், அது தோல் வழியே உடம்பின் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த களிம்புகள் சில உண்டு, லிடோகெய்ன், பென்சோகெய்ன் என்று பெயர் ‘கெய்ன்’ என முடியும். தவளைகளை மயக்கமடையச் செய்யவும், அளவு கூடினால் கருணைக்கொலை செய்யவும் பயன்படும் மருந்துதான் பென்சோகெய்ன். வலி குறையட்டும் என்று யாராவது தடவச் சொன்னால் தடவிவிடாதீர்கள்.

சரி, கண்ணில் என்ன ஆகியிருக்கும்? நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை என்னை நிறுத்தியது: நார் மில் கோகோ பீட்.

பொள்ளாச்சியில் இருக்கிறவர்களுக்குத் தென்னை நார்க்கழிவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மில்லில் இருந்து நேராக வரும் கோகோ பீட்டில் இயல்பாகவே உப்பு அதிகம், முக்கியமாகப் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும். அதனால்தான் செடி வளர்ப்பவர்களுக்கு நல்ல தண்ணீரில் பல முறை கழுவி, ‘லோ ஈசி’, அதாவது உப்புக் குறைந்தது, என்று தனி ரகமாக விற்கிறார்கள். சிலர் அதில் கால்சியம் நைட்ரேட்டும் சேர்ப்பார்கள். தக்காளி நாற்றே தாங்காத உப்பில்தான் ஒருவேளை லட்டு ஏழு மாதமாக உட்கார்ந்திருக்கிறது. மேலும் பேக்மேன் தவளை ஓடியாடும் தவளை இல்லை. தென் அமெரிக்காவின் கிரான் சாக்கோ சமவெளியில், கண்ணும் வாயும் மட்டும் வெளியே தெரிய மண்ணுக்குள் புதைந்து, இரை பக்கத்தில் வரும்வரை காத்திருக்கும் பிராணி அது. தொட்டியிலும் அதையேதான் செய்யும். இருக்கும் இடத்திலேயே மலம், சிறுநீர், அதிலிருந்து அம்மோனியா. மண்மட்டத்தில் அந்த நெடிக்கு மிக அருகில் இருப்பவை அதன் கண்கள்தான்.

ஒரு கண் மட்டும் வெளுத்தால் கீறல், குத்து, புழு கடித்தது என்று யோசிப்போம். இரண்டு கண்ணும் அடுத்தடுத்துப் பாதிக்கப்பட்டால் முதலில் தண்ணீரையும் மண்ணையும் சந்தேகிக்க வேண்டும், அப்புறம் உடம்புக்குள் இருக்கும் நோயை. உங்கள் லட்டு இரண்டாவது வகை. தொட்டியின் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பாருங்கள். லேசாக மூத்திர நெடி வந்தாலே மண்ணைத் தூக்கிப் போட வேண்டிய கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மீன் தொட்டிக் கடைகளில் அம்மோனியா பார்க்கும் கிட் கிடைக்கும். மண்ணைப் பிழிந்து வரும் தண்ணீரைச் சோதித்துவிடலாம். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் உப்பும் தெரிந்துவிடும்.

படலம் என்று நீங்கள் பார்ப்பது படலம்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தவளைக்குக் கீழிருந்து மேலே ஏறும் மெல்லிய இமை ஒன்று உண்டு. ஓய்வெடுக்கும்போது அது கண்ணைப் பாதி மூடி, மங்கலாகக் காட்டும். தோல் உரிக்கும் நேரத்திலும் கண் சற்று வெளுத்துத் தெரியும், தவளை வாயைத் திறந்து திறந்து மூடி, உரித்த தோலைத் தானே தின்னும். இந்த இரண்டும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ சரியாகிவிடும். ஐந்து நாள் நிற்காது. அதனால் உங்கள் விஷயத்தில் இது உண்மையான நோய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் மங்கலான வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுங்கள். வெள்ளை கண் முழுக்கப் பனி மூடியதுபோல இருக்கிறதா, அல்லது விளிம்பிலிருந்து புள்ளி புள்ளியாக, மெழுகு ஒட்டியதுபோல வருகிறதா? இரண்டாவது மாதிரி என்றால் அது கிருமித் தொற்றாக இல்லாமல் கொழுப்புப் படிவாக இருக்கலாம். எலிக்குஞ்சு, கொழுத்த புழு என்று கொழுப்பான தீனி தொடர்ந்து தின்னும் தவளைகளுக்கு வருவது. அதற்கு எந்த ஆண்டிபயாடிக்கும் பலன் தராது, தீனியைத்தான் மாற்ற வேண்டும்.

இமை வீக்கத்துக்கு இன்னொரு காரணமும் சாத்தியம். சூப்பர்வோர்ம் மட்டும், மேலே எந்தச் சத்துப் பொடியும் தூவாமல் கொடுத்து வந்தால் வைட்டமின் ஏ குறைபாடு வரும். அந்தக் குறைபாட்டில் கண்ணையும் நாக்கையும் மூடும் ஈரமான திசு தடித்து வறண்டுவிடும். இமை வீங்கும், நாக்கால் இரையை ஒட்டிப் பிடிக்க முடியாமல் போகும். பார்ப்பதற்குச் சாப்பிட மறுக்கிறது போலவே தோன்றும். அதற்காக வீட்டில் இருக்கும் மீன் எண்ணெய் மாத்திரையைக் குத்தி ஒரு சொட்டு ஊற்றிவிட வேண்டாம். வைட்டமின் ஏ அளவு கூடினாலும் நஞ்சுதான், 50 கிராம் உடம்பில் அளவு சீக்கிரம் கூடிவிடும்.

இனி, இன்றே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டு மருத்துவத்தில் உங்கள் கையில் இருப்பதும், மிகப் பெரிய பலன் தருவதும் இதுதான்.

லட்டுவை அந்தத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். மூடியில் காற்றுத் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். அடியில் வாசனையும் அச்சும் இல்லாத வெள்ளை டிஷ்யூ நாலைந்து மடிப்பு, நன்றாக நனைத்து. மண் வேண்டாம், கூழாங்கல் வேண்டாம், பாசி வேண்டாம். ஒரு மூலையில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி டப்பாவைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். டிஷ்யூவையும் தண்ணீரையும் தினம் இரண்டு வேளை மாற்ற வேண்டும். சலிப்பாக இருக்கும், ஆனால் எந்த மருந்தையும்விட இதை நம்பியே நான் சிகிச்சையைத் தொடங்குவேன். தண்ணீர் குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக வேண்டும். மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று கேட்டால் தருவார்கள், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுதான், அதற்கு மேல் இல்லை. அதில்லாவிட்டால் அகலமான பக்கெட்டில் 24 மணி நேரம் திறந்து வைத்த தண்ணீர். ஆர்ஓ தண்ணீரில் மட்டும் நாள்கணக்கில் உட்கார வைக்காதீர்கள், அதில் உப்புச் சத்து மிகக் குறைவு. டப்பாவுக்குள் சூடு 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். ஜன்னலோரமும் பிரிட்ஜின் மேலும் வைக்க வேண்டாம்.

கண்ணைக் கழுவ, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டில் வாங்குங்கள். அது மனித ரத்தத்தின் உப்பு அளவுக்குச் செய்தது, தவளைக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு பங்கு சலைனுக்கு ஒரு பங்கு கொதிக்க வைத்து ஆறிய, குளோரின் போன தண்ணீர் சேர்த்தால் 0.6 சதவீதமாகும், தவளையின் உடம்புக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். அன்றன்று கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, கண்ணின் மேல் ஓரத்திலிருந்து மெதுவாக வழிய விடுங்கள். பீச்ச வேண்டாம், பஞ்சால் துடைக்கவே வேண்டாம். காலையும் மாலையும் ஒவ்வொரு கண்ணுக்கும் சில சொட்டுப் போதும். ஒட்டியிருக்கும் தூசியும் நாரும் தானாக வந்துவிடும்.

பிடிக்கும்போது பவுடர் இல்லாத கையுறை, அதையும் அதே தண்ணீரில் நனைத்துக்கொண்டு. நம் கையில் இருக்கும் சோப்பு, எண்ணெய், உப்பு எதுவும் படக் கூடாது. பேக்மேன் கடிக்கும், உங்களுக்கே தெரிந்திருக்கும். பின்பக்கமாக இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள்.

தீனியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நல்ல உடம்போடு இருக்கும் தவளை ஒரு வாரம் சாப்பிடாமல் இருப்பது ஆபத்தில்லை, தண்ணீர்தான் முக்கியம். வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். தவளை விழுங்குவதைக் கவனித்திருந்தால் தெரியும், ஒவ்வொரு முறையும் கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரையைத் தொண்டைக்குத் தள்ளுவதில் அந்தக் கண்களுக்கும் பங்கு உண்டு. 2004இல் வெளியான ஆய்வொன்றில், வட அமெரிக்கச் சிறுத்தைத் தவளைகளின் கண்ணை இழுக்கும் தசையைச் செயலிழக்கச் செய்தபோது, ஒரு சில்வண்டை விழுங்கக் கூடுதல் முறை முயல வேண்டியிருந்தது. புண்ணான கண்ணோடு விழுங்குவது லட்டுவுக்கு எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், இதுவரை இரும்பு இடுக்கியில் புழு கொடுத்திருந்தால் அதை இனி விட்டுவிடுங்கள். பாய்ந்து கவ்வும் தவளை அதன் முனையில் கண்ணைக் குத்திக்கொள்ளும். முனை மழுங்கிய மர இடுக்கி போதும். தின்னாத புழுவை இரவில் தொட்டிக்குள் விடாதீர்கள், அது தவளையைக் கடிக்கும்.

இதெல்லாம் செய்துகொண்டே டாக்டரிடம் நேரம் கேளுங்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கண் வெளியே துருத்தினாலோ, சீழோ ரத்தமோ தெரிந்தாலோ, உடம்பு ஊதினாலோ, அடிவயிறும் தொடையும் சிவந்தாலோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாலோ இரண்டு நாளும் பொறுக்காதீர்கள். ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் ரத்தத்தில் கலந்தால் கண்ணில் தெரிவது நோயின் ஒரு ஓரம் மட்டும்தான். அப்போது கண்ணில் மருந்து விட்டு எந்தப் பயனும் இல்லை, உடம்புக்குத்தான் கொடுக்க வேண்டும்.

மாடும் நாயும் பார்க்கும் டாக்டர் என்று தயங்காதீர்கள். நாயின் கண்ணில் புண் இருக்கிறதா என்று பார்க்கும் அதே ஃப்ளோரசீன் சாயம் தவளைக்கும் செல்லும், பார்த்து முடித்ததும் உடம்பை நன்றாகக் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். கண்ணிலிருந்து வழிவதைச் சிறு குச்சியில் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதும் அவருக்குப் பழக்கமான வேலை. அவர் தயங்கினால் உங்களுக்குப் பக்கத்தில் உடுமலைப்பேட்டையிலும், கொஞ்சம் தள்ளி நாமக்கல்லிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முன்கூட்டியே போனில் பேசிவிட்டுப் போங்கள். டாக்டர் ஆண்டிபயாடிக் தேவை என்று முடிவு செய்தால், ஸ்டீராய்டு இல்லாத சொட்டு மருந்தை அவர் சொல்லும் அளவில் மட்டும், சிரிஞ்சில் அளந்து விடுங்கள். பாட்டிலிலிருந்து நேராகச் சொட்ட வேண்டாம். மேலே போட்ட கணக்கை அவரிடமும் காட்டுங்கள், தவளையின் எடையைச் சொல்லாமல் மருந்து வாங்காதீர்கள்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். மூன்று வாரம் ஸ்டீராய்டு சொட்டு விட்ட பிறகு ஒரு தவளையை என்னிடம் கொண்டுவந்தார்கள். கண் இளகிப்போயிருந்தது, எடுத்துவிட வேண்டியதாயிற்று. முதல் வாரத்தில் மண்ணை மாற்றியிருந்தாலே போதும் என்ற எண்ணம் இன்னும் என்னை உறுத்துகிறது. அந்தத் தவளை ஒற்றைக் கண்ணோடு நன்றாகவே வாழ்ந்தது. இரை தேடி அலையாமல் காத்திருந்து பிடிக்கும் இனம் என்பதால் உதட்டருகே இரையை ஆட்டினால் கவ்வும். லட்டுவின் கண்ணில் தழும்பு நின்றுவிட்டாலும் அது உங்களோடு பல வருடம் இருக்க முடியும்.

பழைய மண்ணையும் கழுவிய தண்ணீரையும் தோட்டத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறீர்கள். ஆனைமலைப் பறக்கும் தவளை உட்பட, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் அந்தக் காடுகளில் வாழ்கின்றன. கடையில் வாங்கிய வெளிநாட்டுத் தவளை தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை போன்ற நோயை, தான் வாடாமலேயே சுமந்து வரலாம். தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் வைத்து, கழிப்பறையில் ஊற்றுங்கள். மண்ணைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். தவளைத் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவ வேண்டாம். சால்மோனெல்லா கிருமி தவளைகளிடம் சாதாரணம், மகளும் நீங்களும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புது மண் போடும் நாள் வரும்போது, கோகோ பீட்டையே போடலாம். நன்றாக ஊற வைத்துப் பிழிந்து, நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, பிழிந்த தண்ணீரை மீட்டரில் பார்த்து, கால்சியம் நைட்ரேட் சேர்க்காத ரகம்தானா என்று மில்லில் கேட்டுவிட்டுப் போடுங்கள். மலத்தைத் தினமும் எடுத்து, மண் முழுவதையும் மாதம் ஒரு முறையாவது மாற்றுங்கள்.

மகளுக்கு: வலிக்கும் பாப்பா. கண்ணில் தூசி விழுந்தால் உனக்கு எப்படி மூடிக்கொள்ளத் தோன்றுமோ, லட்டுவும் அதற்காகத்தான் கண்ணைப் பாதி மூடி வைத்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் கூடுதலாக உறுத்தும். டப்பாவின் மேல், காற்றுத் துளையை மூடாமல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு வை. அடிக்கடி திறந்து பார்க்காதே, தண்ணீர் மாற்றும் அந்த இரண்டு வேளை மட்டும் பார். தினமும் காலையில் தராசில் அதன் எடையை அப்பாவிடம் பார்க்கச் சொல்லி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுது. இடது கண் எவ்வளவு திறந்திருந்தது என்பதையும் சின்னதாக ஒரு படம் வரைந்து வை. டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போ. அவர் முதலில் கேட்கப்போவது அதில் இருப்பதைத்தான்.